மலைச் சாலையில் ஓடும் 100 சிசி பைக்: பின் சக்கரத்தைக் கழற்றி வீட்டிலேயே செய்யும் பிரேக், செயின் வேலை

கோத்தகிரி சுமார் 1,790 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 33 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் மேட்டுப்பாளையத்தின் உயரம் 300 மீட்டரைச் சற்றே தாண்டும். இருவர் அமர்ந்த ஒரு 100 சிசி பைக் ஏறத்தாழ 250 கிலோ. அது அரவேனு, குஞ்சப்பனை வழியாகக் கீழே போய்ச் சேரும்போது இழக்கும் ஆற்றலைக் கணக்குப் போட்டால், பத்து லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் வெப்பம் வருகிறது. அதில் ஒரு பகுதியை எஞ்சின் தாங்கிக்கொள்கிறது, ஒரு பகுதியைக் காற்று வாங்கிக்கொள்கிறது. மிச்சம் முழுவதும் அந்த இரண்டு சிறிய பிரேக் டிரம்களுக்குள்தான் போய் இறங்குகிறது.

அதனால்தான் இங்கே பராமரிப்பின் வரிசை வேறாக இருக்க வேண்டும் என்கிறேன். சமவெளியில் ஆயில், மைலேஜ் என்று தொடங்குவார்கள். நீலகிரியில் முதலில் பிரேக், அடுத்தது செயின், அதன்பின் கேபிள்கள். எஞ்சின் கடைசியில் வரட்டும். ஆயில் மாற்றுவது எப்படி என்பது வண்டியோடு வந்த கையேட்டிலேயே தெளிவாக இருப்பதால் அதை விட்டுவிடுகிறேன். பின் சக்கரத்தை ஒருமுறை கழற்றினால் பிரேக் ஷூ (டிரம்மை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் கட்டை), ஹப் ரப்பர் (சக்கரத்தின் நடுப்பகுதியில் இருப்பது), செயின், ஸ்பிராக்கெட் (செயின் ஓடும் பல்சக்கரம்) எல்லாவற்றையும் ஒரே நாளில் முடித்துவிடலாம். மழை இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

என்னிடம் இருப்பது கார்புரேட்டர் உள்ள பழைய ஸ்பிளெண்டர். ஸ்டார் சிட்டி, சிடி 100, பிளாட்டினா போன்ற டிரம் பிரேக் வண்டிகளுக்கும் முறை இதுதான். நட்டுகளின் அளவும் சில இணைப்புகளும் மட்டும் மாறும்.

கருவிகள்

ஒரு ரிங் ஸ்பேனர் செட் வாங்குங்கள். நான் டபாரியா கம்பெனி செட் வைத்திருக்கிறேன். வருடக்கணக்கில் வாய் விரியாமல் இருக்கிறது. ஆக்ஸில் எனும் சக்கர அச்சுத் தண்டின் நட்டுக்கு, வாயின் அளவை மாற்றும் ஸ்க்ரூ ஸ்பேனர் வைக்கவே வைக்காதீர்கள். அது நட்டின் முனைகளை மழுங்கடித்துவிடும், அதன்பிறகு உளி வைத்துத்தான் கழற்ற வேண்டிவரும். இவற்றோடு கட்டிங் பிளேயர், கம்பி பிரஷ், 120 எண் உப்புத்தாள், கிரீஸ், புதிய ஸ்பிளிட் பின்கள், ஒரு கிலோ பனியன் வேஸ்ட். நட்டு கழலாமல் தடுக்கும் ஸ்பிளிட் பின் மலிவான பொருள். பழையதை நிமிர்த்தித் திரும்பப் போடாதீர்கள்.

சக்கரத்தைக் கழற்றுதல்

சமதளமாகப் பார்த்து மெயின் ஸ்டாண்டு போடுங்கள். நம் ஊர் வீட்டு வாசல்கள் பாதி சரிவாகத்தான் இருக்கும். முன் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கல் வையுங்கள். பிரேக் கம்பியின் முனையில் இருக்கும் அட்ஜஸ்டர் நட்டைக் கழற்றினால் கம்பி தனியே வந்துவிடும். பிறகு பிரேக் தட்டை (ஷூக்கள் அமர்ந்திருக்கும் வட்டத் தட்டு) ஸ்விங் ஆர்மோடு (பின் சக்கரத்தைத் தாங்கும் கவை) பிணைத்து நிற்கும் இரும்புப் பட்டையின் போல்ட், கடைசியாக ஆக்ஸில் நட்டு. ஆக்ஸிலை உருவும்போது புஷ், வாஷர் எந்தப் பக்கத்திலிருந்து எந்த வரிசையில் விழுகின்றன என்று கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பிளெண்டர் போன்ற வண்டிகளில் சக்கரம் மட்டும் கழன்று வரும். செயினும் ஸ்பிராக்கெட்டும் ஸ்விங் ஆர்மிலேயே நிற்கும்.

சக்கரம் வெளியே வந்ததும் ஹப்புக்குள் இருக்கும் ரப்பர் துண்டுகளை அழுத்திப் பாருங்கள். கியர் மாற்றும்போது பின்னால் 'டக்' என்று ஒரு உதை வருகிறதென்றால் பெரும்பாலும் இவை தேய்ந்திருக்கும். குறைந்த விலைதான், மாற்றிவிடுங்கள்.

பிரேக் ஷூ

ஷூ தேய்ந்துவிட்டதா என்பதைச் சக்கரத்தைக் கழற்றாமலே அறியலாம். பிரேக்கை முழுவதும் மிதித்தபடி பிரேக் தட்டின் வெளிப்புறம் பாருங்கள். கேம் கம்பியோடு (மிதித்தால் திரும்பி ஷூக்களை விரிக்கும் தண்டு) ஒரு அம்பு முனை திரும்பும். தட்டில் ஒரு குறி இருக்கும். இரண்டும் நேருக்கு நேர் வந்துவிட்டால் ஷூவின் ஆயுள் முடிந்தது. சிலர் அந்தக் கட்டத்தில் கேமைத் திருப்பும் பிரேக் கையைக் கழற்றி, தண்டின் பல் வரிசையில் ஒரு பல் தள்ளி மாட்டி, "இன்னும் கொஞ்ச நாள் ஓடும்" என்பார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். தேய்ந்த ஷூவில் கேம் அளவுக்கு மீறித் திரும்பினால், விட்டபிறகும் திரும்பி வராமல் சிக்கிக்கொள்ளும். அது கொண்டை ஊசி வளைவில் நடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

தட்டை வெளியே எடுத்ததும் உள்ளே கருந்தூள் படிந்திருக்கும். அதை வாயால் ஊதக்கூடாது. பழைய ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். ஈரத்துணியால் துடைத்து எடுங்கள். இரண்டு ஷூக்களையும் புத்தகத்தை மடிப்பதுபோல் வெளிப்பக்கமாக மடக்கினால் ஸ்பிரிங்கோடு சேர்ந்து வந்துவிடும். கேமையும் உருவி எடுத்துத் துரு போகத் துடைத்து, அதன் தண்டிலும் முகத்திலும், ஷூ அமரும் பின்னிலும் விரல் நுனியால் மெல்லிய பூச்சாகக் கிரீஸ் தடவுங்கள். மழைக்காலத்தில் பிரேக் பெடல் மிதித்தபின் மெதுவாகத் திரும்பி வருவது இந்தத் தண்டு துருப்பிடிப்பதால்தான். கிரீஸ் அதிகமானால் வெப்பத்தில் உருகி ஷூவின் முகத்துக்கு வரும், பிரேக்கே பிடிக்காது. புதிய ஷூவைத் தொடுமுன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொள்ளுங்கள்.

டிரம்மின் உட்புறம் கண்ணாடிபோல் பளபளத்தால் உப்புத்தாளைக் குறுக்காக ஓட்டி அந்த மினுக்கத்தை எடுங்கள். விரலை உள்ளிருந்து விளிம்புவரை இழுத்துப் பார்க்கும்போது நகம் தடுக்கும் அளவுக்குத் திட்டு இருந்தால் டிரம்மும் தேய்ந்திருக்கிறது. அனுமதிக்கப்பட்ட அதிகபட்ச விட்டம் பல வண்டிகளில் ஹப்பிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். பட்டறையில் அளந்து சொல்வார்கள்.

திரும்ப மாட்டும் இடம்தான் வேலையின் உயிர்

புது ஷூ போட்டும் பிரேக் மெத்தென்று இருக்கிறது, பழையதே நன்றாக இருந்தது என்று பலர் சொல்வதற்குக் காரணம் ஷூ அல்ல. பிரேக் தட்டு ஆக்ஸிலின்மேல் நூலளவு ஆட்டத்தோடு அமர்ந்திருக்கும். நட்டை அப்படியே முடுக்கிவிட்டால் தட்டு ஒரு பக்கம் ஒதுங்கியபடி இறுகிவிடுகிறது. ஒரு ஷூ முன்னதாகத் தொடும், மற்றது தாமதமாகத் தொடும்.

ஆக்ஸில் நட்டைக் கையால் முடுக்கும் அளவுக்கு மட்டும் விட்டுவிட்டு, பிரேக் கம்பியை மாட்டி, சக்கரத்தைச் சுற்றிவிட்டு பெடலை அழுத்தி நிறுத்துங்கள். ஷூக்கள் டிரம்மைக் கவ்வும்போது தட்டு தானாக மையத்துக்கு வரும். பெடலிலிருந்து அழுத்தத்தை எடுக்காமல் ஆக்ஸில் நட்டை முடுக்குங்கள். ஒருவர் பெடலைக் கையால் அழுத்திப் பிடிக்க, மற்றவர் ஸ்பேனரைப் பிடிப்பது எளிது. வீட்டில் ஆள் இல்லையென்றால் பெடலை ஒரு கயிற்றால் கீழே இழுத்துக் கட்டலாம். இந்த ஒரு செயலிலேயே பெடல் கெட்டியாகிவிடும்.

இதைவிட முக்கியமானது இரும்புப் பட்டை. அந்தப் பட்டையின் போல்ட்டும் ஸ்பிளிட் பின்னும் இல்லையென்றால், முதல் பிரேக்கிலேயே தட்டு சக்கரத்தோடு சேர்ந்து சுழன்று கம்பியைச் சுருட்டிச் சக்கரத்தைப் பூட்டிவிடும். முன் சக்கரத்தில் பட்டைக்குப் பதிலாக, பிரேக் தட்டில் ஒரு பள்ளமும் ஃபோர்க்கின் காலில் அதற்கேற்ற ஒரு முட்டும் இருக்கும். முட்டு பள்ளத்துக்குள் அமர்ந்திருப்பதைக் கண்ணால் பார்த்து, விரலால் தொட்டும் உறுதிசெய்துகொண்ட பிறகே முன் ஆக்ஸிலை முடுக்க வேண்டும்.

ஸ்பிராக்கெட்: மலைக்கு நான் பரிந்துரைக்கும் ஒரே மேம்பாடு

பளபளக்கும் சைலன்சர், அகல டயர் எதுவும் வேண்டாம். பின் ஸ்பிராக்கெட்டில் இரண்டு பல் கூட்டுங்கள். 42 பல் இருந்தால் 44. ஏறும்போது சக்கரத்துக்குப் போகும் இழுவிசை ஏறக்குறைய 5 சதவீதம் கூடும். இறங்கும்போது எஞ்சின் பிடித்து இழுப்பதும் அதே அளவு கூடும். மலைப்பாதையில் இரண்டாவது கியரில் இறங்குங்கள் என்று பலகை வைத்திருக்கிறார்களே, அந்த இரண்டாவது கியர் இன்னும் அழுத்தமாகப் பிடிக்கும். பதிலுக்கு, அதே வேகத்தில் எஞ்சின் 5 சதவீதம் அதிகமாகச் சுழலும், சமவெளியில் மைலேஜும் உச்ச வேகமும் கொஞ்சம் குறையும். தினமும் கோவைக்குப் போய்வருபவர்களுக்கு இது பொருந்தாது. முன் ஸ்பிராக்கெட்டில் ஒரு பல் குறைப்பது மலிவு. ஆனால் 14-ஐ 13 ஆக்கினால் மாற்றம் 7 சதவீதத்தைத் தாண்டிவிடுகிறது, செயினும் கூர்மையாக மடங்கிச் சீக்கிரம் தேய்கிறது. நான் பின்பக்கத்தையே விரும்புகிறேன்.

செயின் பழையது, ஸ்பிராக்கெட் புதியது என்று கலக்காதீர்கள். செயின், முன் ஸ்பிராக்கெட், பின் ஸ்பிராக்கெட் மூன்றையும் ஒன்றாக மாற்றுங்கள். செயினின் இரு முனைகளை இணைக்கும் கிளிப்பான செயின் லாக்கை மாட்டும்போது அதன் மூடிய பக்கம் செயின் ஓடும் திசையை நோக்கி இருக்க வேண்டும். திறந்த பக்கம் முன்னால் இருந்தால் ஏதாவது தட்டியவுடன் கழன்றுவிடும்.

செயின் நீளத்தையும் பார்க்க வேண்டும். இரண்டு பல் கூடினால் ஆக்ஸில் ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் முன்னால் நகர வேண்டும். அட்ஜஸ்டரில் அந்த இடம் இருக்கிறதா என்று கடைக்குப் போகும் முன்பே பாருங்கள். இல்லையென்றால் இரண்டு கண்ணி கூடுதலாக உள்ள செயின் வேண்டும்.

செயின் தளர்வைக் கீழ் ஓட்டத்தின் நடுவில் அளக்க வேண்டும். சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி, எங்கே அதிகம் இறுகுகிறதோ அங்கே அளங்கள். கையேட்டில் சொல்லும் அளவு இந்த வகை வண்டிகளுக்குப் பெரும்பாலும் இரண்டு மூன்று சென்டிமீட்டருக்குள் இருக்கும். இரு பக்க அட்ஜஸ்டர் கோடுகளும் சமமாக இருக்கட்டும். பிரேக் கம்பியைக் கடைசியில்தான் சரிசெய்ய வேண்டும், ஏனென்றால் ஆக்ஸில் நகர்ந்தால் பெடலின் தளர்வும் மாறும்.

செயின் கவரைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டுவது இளைஞர்களிடம் ஒரு வழக்கமாகிவிட்டது. எஸ்டேட் பாதைகளின் செம்மண் சேறு செயினில் ஏறினால் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதற்குச் சமம். கவர் இருக்கட்டும். உயவுக்கு எஸ்ஏஇ 90 கியர் ஆயிலே போதும். ஓட்டிவிட்டு வந்ததும் செயின் சூடாக இருக்கும்போது உட்புறமாக விடுங்கள்.

செயினைக் கழுவிய மண்ணெண்ணெயையும் பழைய ஆயிலையும் வாசல் சாக்கடையில் ஊற்றாதீர்கள். நம் சரிவுகளின் ஓடைகள் பவானிக்குப் போகின்றன, வழியெல்லாம் மக்கள் அந்தத் தண்ணீரைக் குடிக்கிறார்கள். ஒரு கேனில் சேர்த்து, பழைய ஆயில் எடுக்கும் பட்டறையில் கொடுத்துவிடலாம்.

கேபிள்கள்

மூடுபனியும் மழையும் கேபிளின் மேல்முனை வழியாக உள்ளே இறங்கும். லீவரிலிருந்து கேபிளைக் கழற்றி, வெட்டிய பால் பாக்கெட்டின் மூலையை அதன் வாயில் கூம்பாகக் கட்டி, மெஷின் ஆயில் ஊற்றித் தொங்கவிடுங்கள். காலையில் கீழ்முனையில் முதலில் பழுப்புத் துருநீரும் பிறகு தெளிந்த ஆயிலும் சொட்டியிருக்கும். உள்கம்பியில் ஓர் இழை அறுந்திருந்தாலும் ஆயில் விட்டு ஒப்பேற்ற வேண்டாம், புதிது போடுங்கள்.

முடித்த அன்றே மலை இறங்க வேண்டாம். புதிய ஷூவின் முகம் டிரம்மோடு பொருந்தச் சில நாட்கள் ஆகும். அதுவரை ஊருக்குள், கட்டபெட்டு வரை என்று மிதமாகப் பிரேக் பிடித்து ஓட்டுங்கள். பிறகு பெடலின் தளர்வு கூடியிருக்கும், அட்ஜஸ்டர் நட்டை ஓரிரு சுற்று முடுக்க வேண்டும்.

பின்னர் சேர்த்தவை

இதைப் படித்துச் செய்துபார்த்தவர்கள் கேட்டதால் மூன்று செய்திகளைச் சேர்க்கிறேன்.

பெரிய ஸ்பிராக்கெட் போட்டபின் 'கரகர' என்று சத்தம் வருவதாகக் குன்னூரிலிருந்து ஒருவர் எழுதினார். 428 வகைச் செயினில் இரண்டு பல் கூடினால் ஸ்பிராக்கெட்டின் ஆரம் 4 மில்லிமீட்டர் கூடுகிறது, செயின் கவரின் உள்விளிம்பை அது உரசக்கூடும். கவரை மாட்டியபின் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். உரசினால் கவரின் போல்ட்டுகளுக்கு அடியில் வாஷர் வைத்துத் தள்ளிவைக்கலாம்.

2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த இந்த வகை வண்டிகளில் பின் பிரேக்கை மிதித்தால் முன் பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும் அமைப்பு உண்டு. அவற்றில் முன், பின் இரண்டையும் சரிசெய்யும் முறையைக் கையேட்டைப் பார்த்தே செய்யுங்கள். மேலே சொன்ன கம்பிச் சரிசெய்தல் மட்டும் போதாது.

ஊட்டியில் ஓட்டும் ஒருவருடைய பழைய வண்டியில் பிளக் அடிக்கடி கருத்துவிடுகிறது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் குறைவு. கார்புரேட்டர் அதற்கேற்பப் பெட்ரோலைக் குறைக்காது, அதனால் கலவை கெட்டியாகிவிடுகிறது. முதலில் ஏர் ஃபில்டரைப் பார்த்துவிட்டு, எஞ்சின் சூடான பிறகு கார்புரேட்டரில் காற்றின் அளவைக் கூட்டிக் குறைக்கும் ஏர் ஸ்க்ரூவைக் கால் சுற்றுகளாகத் திருப்பி, ஐடிலில் எஞ்சின் மிகச் சீராக ஓடும் இடத்தில் நிறுத்துங்கள். முதலில் எத்தனை சுற்றில் இருந்தது என்பதை எழுதி வைத்துக்கொண்டு தொடங்குங்கள். இன்ஜெக்ஷன் வண்டி வைத்திருப்பவர்கள் இதில் கைவைக்க வேண்டியதில்லை.