கேமரூன் மலை ஓட்டத்தை எங்கே நின்று பார்ப்பது

கேமரூன் மலை ஓட்டம் நடக்கும் பிப்ரவரி நெருங்கினாலே, கேமரூன் நாட்டின் டூவாலா நகரில் வேலை பார்க்கும் என்னிடம் நம்மவர்கள் கேட்பது ஒன்றுதான்: "மேலே ஏறிப் போய்ப் பார்க்கலாமா?" வேண்டாம். உச்சியில் குளிரும் காற்றும் அடிக்கும், மேகம் மூடினால் பக்கத்தில் வருபவர்கூடத் தெரியமாட்டார். இந்தப் போட்டியின் உயிர் இறக்கத்தில் இருக்கிறது. அதை அடிவாரத்தில் நின்றே பார்க்கலாம்.

கேமரூன் மலை 4,000 மீட்டரைத் தாண்டும் எரிமலை. 1999, 2000, 2012 ஆண்டுகளில்கூடச் சீறியிருக்கிறது. ஓட்டக்காரர்கள் புவேயா நகரின் மோலிகோ ஸ்டேடியத்தில் கிளம்பி, உச்சியைத் தொட்டுவிட்டு, அதே ஸ்டேடியத்துக்குத் திரும்பி வர வேண்டும். தூரம் 40 கிலோமீட்டரை ஒட்டி வரும். 3,000 மீட்டருக்கு மேல் ஏறி, அவ்வளவையும் இறங்க வேண்டும். முன்னணி ஆண்கள் நாலரை மணி நேரத்தை ஒட்டி முடித்துவிடுவார்கள். பெண்களுக்கு இன்னும் ஒரு மணி நேரம் போல ஆகும். 1973-இல் தொடங்கிய போட்டி இது. இப்போதைய பெயர் 'நம்பிக்கை ஓட்டம்'.

முதலில் பாதுகாப்பு. புவேயா இருக்கும் தென்மேற்கு மாகாணத்தில் 2017 முதல் பிரிவினைப் போராளிகளுக்கும் அரசுப் படைக்கும் மோதல் நடக்கிறது. 2023 பிப்ரவரியில் போட்டி நடந்துகொண்டிருந்தபோதே குண்டுகள் வெடித்து ஓட்டக்காரர்கள் காயமடைந்தார்கள். அதனால் அந்தந்த வருட நிலவரத்தை ஊரில் இருப்பவர்களிடம் கேட்டுக்கொண்டுதான் கிளம்ப வேண்டும். நிலைமை சரியில்லை என்று சொன்னால் அந்த வருடம் விட்டுவிடுங்கள். பாஸ்போர்ட் எப்போதும் கையில் இருக்கட்டும், வழியில் சோதனைச் சாவடிகள் உண்டு. சிப்பாய்களையும் சாவடிகளையும் போட்டோ எடுக்கவே கூடாது. இந்தியாவிலிருந்து வருபவர்களுக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் அவசியம். திரும்பி இந்தியாவில் இறங்கும்போதும் அதைக் கேட்பார்கள்.

டூவாலாவிலிருந்து புவேயா 70 கிலோமீட்டர்தான். டூவாலாவின் போனபேரிப் பகுதியில் வண்டி ஏறினால் டீக்கோ, முட்டெங்கெனே ஊர்கள் வழியாக புவேயாவின் மைல் 17 நிறுத்தத்தில் இறக்கிவிடுவார்கள். ஆனால் போட்டியன்று காலையில் வரலாம் என்று நினைக்காதீர்கள், சாலையை அடைத்துவிடுவார்கள். முந்தின நாள் மதியத்துக்குள் வந்து, மோலிகோ பக்கம் நடந்து போகும் தூரத்தில் அறை எடுத்துக்கொள்ளுங்கள். மலையின் தெய்வமான எபாசா மோட்டோவுக்குப் போட்டிக்கு முன்பே இந்த மலையடிவாரத்து மக்களான பக்வேரி இனத்தின் பெரியவர்கள் சடங்கு செய்வார்கள். அது அவர்கள் வழிபாடு. அழைப்பில்லாமல் அங்கே போய் நிற்க வேண்டாம்.

காலை ஏழு மணி வாக்கில் ஓட்டம் தொடங்கும். ஆறு மணிக்கே ஸ்டேடியத்துக்குப் போனால் கூட்டம் நெரிக்காமல் பார்க்கலாம். கடைசி ஆள் வெளியேறியதும் நீங்களும் கிளம்புங்கள். கிரேட் சோப்போ, புவேயா டவுன் தாண்டி அப்பர் ஃபார்ம்ஸ் வரை மேட்டுச் சாலை. வண்டி கிடைத்தவரை போய், மீதியை நடந்துவிடுங்கள். அதற்கு மேல் காடு, காட்டுக்கு மேல் புல்வெளி, அப்புறம் எரிமலைக் கல்லும் சாம்பலும்தான். வழியில் எண்ணெய்ப் பலகாரமான பஃப் பஃப்பும் பீன்ஸும் விற்பார்கள், மிளகாய்ச் சட்னியோடு சாப்பிட்டால் மதியம் வரை பசிக்காது. சைவக்காரர்கள் பீன்ஸில் மீன் தூள் சேர்த்திருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

காட்டுப் பாதை முடிந்து தார்ச்சாலை தொடங்கும் இடம்தான் நான் சொல்ல வந்தது. பத்து மணிக்குள் அங்கே இடம் பிடித்துவிடுங்கள். முதலில் ஒருவர் துள்ளிக்கொண்டு வந்தால் ஏமாந்துவிடாதீர்கள், தொடர் ஓட்ட அணியைச் சேர்ந்தவராக இருக்கலாம். சிறியவர்கள் பிரிவும் உச்சி வரை போகாமல் திரும்பிவிடும். முழு மலையையும் ஓடியவரைக் காலைப் பார்த்தாலே தெரியும்: முழங்கால் வரை உமிக்கரி பூசியது போல சாம்பல், அதில் வியர்வை இறங்கிய கோடுகள், கல்லில் உரசிய ரத்தம். ஏறும்போது தொடையில் கையை ஊன்றி ஊன்றி நடந்தவர், இறங்கும்போது கைகளை விரித்து, சின்னச் சின்ன அடியாக வைத்துக் குதித்து வருவார். ஒவ்வொரு அடியிலும் உடம்பின் பாரத்தைத் தொடைதான் பிடித்து நிறுத்துகிறது. இரண்டு மணி நேரம் போல அப்படிப் பிடித்து நிறுத்திய தொடை, தார்ச்சாலையின் சமதளம் வந்ததும் நடுங்கும். கால் இரண்டும் ஒன்றோடு ஒன்று தட்டும். முன்னால் வந்தவர் இங்கே பின்தங்குவதும், பின்னால் வந்தவர் தட்டுத்தடுமாறி மறுபடி ஓட்டத்தைப் பிடித்துக்கொள்வதும் கண்ணெதிரே நடக்கும். மலையில் நடந்த மொத்தப் போராட்டமும் அந்த நூறு அடியில் தெரிந்துவிடும். ஓட்டப் பந்தயத்தில் இதைவிட நேர்மையான இடம் எனக்குத் தெரியாது.

ஊரார் "அஷியா, அஷியா" என்று குரல் கொடுப்பார்கள், கஷ்டப்படுபவருக்கு ஆறுதலும் தெம்பும் சொல்லும் வார்த்தை அது. நீங்களும் சொல்லுங்கள். தண்ணீர் கொடுப்பதென்றால் நீட்டுங்கள் போதும், தலையில் கொட்டாதீர்கள். பாதையில் கால் வைக்காதீர்கள்.

ஆண்கள் வந்ததும் கிளம்பிவிடுவது பெரிய இழப்பு. இந்த மலை ஓட்டத்தில் எல்லோர் வாயிலும் வரும் பெயர் சாரா எடோங்கே. ஏழு பிள்ளைகளுக்குத் தாயான அவர் 1990-களின் நடுவிலிருந்து பல முறை வென்றவர். 'மலை ராணி' என்றே அழைக்கிறார்கள். பெண்கள் வரும் நேரத்தில் சாலையோரக் கூட்டம் குறையாது, கூடும். தாய்மார்கள் பிள்ளைகளைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒவ்வொருவரையும் காட்டுவார்கள்.

பரிசளிப்பையும் பார்க்க ஆசையென்றால் அன்றிரவும் புவேயாவிலேயே தங்குங்கள். இல்லையென்றால் மூன்று மணிக்கே மைல் 17-க்குப் போய்விடுங்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் வண்டி தேடுவார்கள். இருட்டிய பிறகு அந்தச் சாலையில் பயணம் வேண்டாம்.