பழைய ஃபைபர் போட்டும் அவுட்போர்டும் வாங்கப் போகிறீர்களா? பெயிண்ட் எட்டாத இடங்களைப் பாருங்கள்

போட்டையும், அதன் பின்பலகையில் வெளியே மாட்டும் இன்ஜினான அவுட்போர்டையும் பார்க்கப் போவதற்கு முந்தின நாளே விற்பவரிடம் ஒன்றைச் சொல்லிவிடுங்கள்: நாங்கள் வரும்வரை இன்ஜினை ஓட்டாதீர்கள். சூடான இன்ஜின் பெரும்பாலும் ஒரே இழுப்பில் ஸ்டார்ட் ஆகிவிடும். குளிர்ந்து கிடந்த இன்ஜின் எத்தனை இழுப்பில் பிடிக்கிறது என்பதுதான் கணக்கு. போனதும் மூடியைத் தூக்கி சிலிண்டர் ஹெட்டில் கையை வையுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால், காலையிலேயே ஒருமுறை ஓட்டித் தயார் செய்து வைத்திருக்கிறார் என்று பொருள். அது தப்பில்லைதான். ஆனால் இன்னொரு நாள் வருகிறோம் என்று கிளம்பிவிடுவது நல்லது.

எடுத்துப்போக வேண்டியவை: பிளக் ஸ்பேனர், கம்ப்ரஷன் கேஜ், அகலமான வாய் உள்ள ஸ்குரூடிரைவர், டார்ச், பிளாஸ்டிக் சுத்தியல், வெள்ளைக் கிண்ணம் ஒன்று, மார்க்கர் பேனா, கியர் ஆயில் டியூப் ஒன்று, அதன் திருகுகளுக்குப் புது வாஷர் இரண்டு. கேஜ் இல்லையென்றால் மெக்கானிக்கிடம் ஒரு நாளைக்கு வாங்கிக்கொள்ளுங்கள். அது இல்லாமல் போவது வீண்.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி: போட் எங்கே நிற்கிறது? கடலூர், புதுச்சேரிப் பக்கத்தில் தேவனாம்பட்டினம், தாழங்குடா, நல்லவாடு மாதிரி திறந்த கரையில் மணலில் இழுத்து ஏற்றும் போட் ஒரு விதமாகத் தேயும். தேங்காய்த்திட்டு துறைமுகத்திலோ கடலூர் முதுநகர் பக்கம் உப்பனாற்றிலோ தண்ணீரிலேயே கட்டிக் கிடக்கும் போட் வேறு விதமாகக் கெடும். கரைப் போட்டில் ஏராவும் (அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்பு) அடிப்பக்கமும் தேய்ந்திருக்கும். அலையில் கலங்கும் மணல் இன்ஜினைக் குளிர்விக்கும் வாட்டர் பம்பின் ரப்பர் சக்கரமான இம்பெல்லரைத் தின்றிருக்கும். ஆற்றுப் போட்டில் அடியில் ஒட்டி வளரும் ஓடுள்ள கொட்டலசு, அடியில் கொப்புளம், இன்ஜின் கால் பகுதியில் அலுமினிய அரிப்பு. இது தெரிந்தால் எங்கே அதிக நேரம் செலவழிக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

முழுகிய இன்ஜினா?

நம் கரையில் பழைய அவுட்போர்டு வாங்குபவர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இங்கேதான். முகத்துவாரத்திலோ கரையேறும்போதோ அலை புரட்டிப் போட்டுவிடும், இன்ஜின் உப்புத்தண்ணீரில் முழுகும். டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோல் கலவை, கிராங்க் ஷாஃப்ட் சுற்றும் அறையான கிராங்க் கேஸ் வழியாகத்தான் மேலே போகிறது. அதனால் தண்ணீர் உள்ளே போனால் நேராகக் கிராங்க் ஷாஃப்டிலும் ஊசி பேரிங்கிலும் போய் உட்காரும். வெளியே எடுத்த சில மணி நேரத்துக்குள் நல்ல தண்ணீரில் அலசி, தண்ணீரை வடித்து, ஆயில் விட்டு ஓட்டினால் பிழைக்கும். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் பேரிங்கில் துருப்புள்ளி விழுந்துவிடும். அதற்குப் பிறகும் இன்ஜின் ஓடும், நன்றாகவே ஓடும். கொஞ்ச நாளில் பேரிங் உடைந்து கனெக்டிங் ராடோடு போகும். விற்கிற நேரம் அந்த இடைப்பட்ட காலம்தான்.

கண்டுபிடிக்க, மூடியைக் கழற்றி, மேலே உள்ள சுழல் சக்கரமான ஃபிளைவீலுக்குக் கீழே டார்ச் அடியுங்கள். காயில் தகடுகளில் செந்துரு, போல்ட் தலைகளின் குழிக்குள் வெள்ளைப் பொடி, பிளக் ஒயர் மூடிக்குள் பச்சைக் களிம்பு இருக்கிறதா என்று பாருங்கள். வெளியே துடைத்துவிடலாம், இந்த இடங்களில் துடைக்க முடியாது. கார்பரேட்டர் திருகுகளின் வாயில் புதிதாக ஸ்குரூடிரைவர் கடித்த பளபளப்பு இருந்தால் ஏன் கழற்றினீர்கள் என்று கேளுங்கள். பிறகு இரண்டு பிளக்கையும் கழற்றிவிட்டு ஃபிளைவீலைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். வழவழப்பாகச் சுற்ற வேண்டும். நறநறவென்று உணர்வு வந்தாலோ, ஃபிளைவீலைப் பக்கவாட்டில் ஆட்டும்போது ஆட்டம் தெரிந்தாலோ அத்தோடு பேச்சை முடித்துக்கொள்ளலாம். விலையைக் குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம்.

கழற்றிய பிளக்குகளை ஒன்றன் பக்கத்தில் ஒன்று வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே பழுப்பு நிறமாக இருந்தால் நல்லது. ஒன்று கருப்பு, ஒன்று கழுவிவிட்டது போல் வெள்ளை என்றால் அந்த வெள்ளைப் பக்கத்தில் ஹெட் கேஸ்கட் வழியாகத் தண்ணீர் வருகிறது என்று சந்தேகப்படுங்கள். இரண்டுமே புத்தம் புது பிளக் என்றால் பழையது எங்கே என்று கேட்பதில் வெட்கமில்லை. பெட்ரோல் இன்ஜினில் மண்ணெண்ணெய் ஊற்றி ஓட்டியிருந்தால் பிளக்கிலும் எக்சாஸ்ட் வாயிலும் கனத்த கரி படிந்திருக்கும், ரிங் ஒட்டிக்கொள்ளும்.

கம்ப்ரஷன்

சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது என்று அளப்பதுதான் இது. இரண்டு பிளக்கும் வெளியே இருக்க வேண்டும். பிளக் ஒயர்களை இன்ஜின் உடம்பில் எர்த் கொடுத்துக் கட்டுங்கள், கில் சுவிட்ச் கயிற்றை உருவிவிடுங்கள், திராட்டிலை முழுதாகத் திறங்கள். திராட்டில் மூடியிருந்தால் காற்று போகாமல் அளவு குறைத்துக் காட்டும். கேஜை மாட்டி, முள் ஏறாமல் நிற்கும்வரை நாலைந்து முறை பலமாக இழுங்கள். எண்ணைக் குறித்துக்கொண்டு அடுத்த சிலிண்டர். இழுப்பவர் ஒரே ஆளாக இருக்கட்டும்.

எண் எவ்வளவு என்பதை விட இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் முக்கியம். சிறிய டூ ஸ்ட்ரோக்கில் 90 முதல் 120 பிஎஸ்ஐ வரை பார்க்கலாம், இழுக்கும் வேகத்தையும் கேஜையும் பொறுத்து மாறும். ஒன்று 110, இன்னொன்று 105 என்றால் கவலையில்லை. 110-உம் 85-உம் என்றால் கவலைப்பட வேண்டும். பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால், குறைந்த சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அளவு ஏறினால் ரிங்கோ போரோ தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் ஹெட் கேஸ்கட்டாக இருக்கலாம். கேஸ்கட் சின்னச் செலவு. போர் என்றால் இன்ஜினைப் பிரிக்க வேண்டும்.

ஃபோர் ஸ்ட்ரோக் என்றால் கூடுதலாக ஆயில் ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். பால் கலந்தது போல் இருந்தால் தண்ணீர். மட்டம் மேல் கோட்டைத் தாண்டி பெட்ரோல் வாடை அடித்தால் பெட்ரோல் ஆயிலில் இறங்குகிறது.

கால் பகுதி

கியர் ஆயிலை இன்ஜின் ஓடுவதற்கு முன்பே பார்க்க வேண்டும். ஓடாமல் நிற்கும்போது தண்ணீர் ஆயிலுக்கு அடியில் தங்கும். இன்ஜினை நேராக நிறுத்தி, வெள்ளைக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு கீழ்த் திருகை மட்டும் கொஞ்சம் தளர்த்துங்கள். முதலில் வரும் சொட்டுகள் தண்ணீரா ஆயிலா என்பது கிண்ணத்தில் தெரிந்துவிடும். கலங்கிய மோர் நிறத்தில் வந்தாலும் தண்ணீர்தான். ஆயிலை இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்துப் பாருங்கள். மாவு போல் மெல்லிய உலோகத் தூள் வயதுக்கு ஏற்றது. நெருடும் துண்டுகள் வந்தால் கியர் பல் உடைகிறது.

ஆயில் தேன் மாதிரி சுத்தமாக வந்தால் உடனே மகிழ வேண்டாம், நேற்று மாற்றியதாக இருக்கலாம். திருகை இறுக்கிவிட்டு, கடலில் ஓட்டி வந்த பிறகு இதே சோதனையை மறுபடி செய்யுங்கள். சீல் போயிருந்தால் அரை மணி நேர ஓட்டத்திலேயே ஆயில் வெளுக்கத் தொடங்கும். ஆயில் குறைந்திருந்தால் கீழ்த் துளை வழியாகத்தான் நிரப்ப வேண்டும். மேல் துளையில் ஆயில் எட்டிப் பார்க்கும்வரை விட்டு, மேல் திருகை முதலில் மூட வேண்டும். மேலிருந்து ஊற்றினால் காற்று மாட்டிக்கொள்ளும்.

சீல் ஏன் போகிறது? தங்கூசி நரம்பு, அதாவது வலையின் நைலான் இழை. மிதந்து வரும் அறுந்த வலை விசிறியில் சுற்றி, உள்ளே நுழைந்து ஷாஃப்ட் சீலை அறுத்துவிடும். முடிந்தால் விசிறியைக் கழற்றிப் பின்னால் நரம்பு சுற்றியிருக்கிறதா என்று பாருங்கள். கழற்றும் முன் நியூட்ரலில் கையால் சுற்றி, ஒரு இலையின் நுனியை நிலையான ஒரு புள்ளிக்கு நேராக வைத்துக் கவனியுங்கள். ஷாஃப்டே ஆடி வளைந்து சுற்றினால் வளைவு. இலை விளிம்பு மட்டும் கடிபட்டிருந்தால் அது விசிறிக் கடையில் சரி செய்யும் வேலைதான். அடியில் துருத்தி நிற்கும் தகடு வெல்டிங் போட்டதா என்றும் பாருங்கள். கல்லில் அடி வாங்கிய இன்ஜினுக்கு அதுவே சாட்சி.

அலுமினியத்துக்குப் பதிலாகத் தான் கரைவதற்காக மாட்டியிருக்கும் துத்தநாகக் கட்டி பாதிக்கு மேல் கரைந்திருந்தால் மாற்ற வேண்டும், அது சில்லறைச் செலவு. கட்டி அப்படியே இருந்து சுற்றியுள்ள அலுமினியம் பொத்தலாகியிருந்தால், கட்டியின் மேல் பெயிண்ட் அடித்துவிட்டார்கள் அல்லது அது உடம்பைத் தொடவே இல்லை.

டிரான்சமும் உடம்பும்

டிரான்சம் என்பது இன்ஜின் மாட்டும் பின்பலகை. அதற்குள் பெரும்பாலும் பிளைவுட் இருக்கும், மேலே ஃபைபர் போர்த்தியிருப்பார்கள். போல்ட் துளை வழியாக மழைத்தண்ணீர் இறங்கினால் உள்ளே மரம் ஊறி மக்கும், வெளியே ஒன்றும் தெரியாது. இன்ஜினைச் சாய்த்து நிறுத்தி, விசிறிக்கு மேலுள்ள தகட்டைப் பிடித்துக் கீழும் மேலும் அழுத்துங்கள். ஒருவர் அழுத்தட்டும், இன்னொருவர் டிரான்சம் உடம்போடு சேரும் மூலைகளைப் பார்க்கட்டும். பலகை மூச்சு விடுவது போல் அசைந்தாலோ, மூலையில் முடி விரிசல் வாய் திறந்தாலோ மரம் போய்விட்டது. போல்ட்டைத் தளர்த்தினால் பழுப்புத் தண்ணீர் கசிவதும் அதே சேதிதான். புது டிரான்சம் கட்டுவது செய்யக்கூடிய வேலை, ஆனால் அதற்கான கூலியையும் பொருளையும் விலையில் கழித்துவிட்டுத்தான் பேச வேண்டும்.

முன்பு நீண்ட தண்டு பின்னால் நீட்டி நிற்கும் லாங்டெயில் டீசல் இன்ஜின் வைத்து ஓட்டிவிட்டுப் பிறகு அவுட்போர்டுக்கு மாற்றிய போட் என்றால் டிரான்சத்தைக் கூடுதல் சந்தேகத்தோடு பாருங்கள். அந்தப் பலகை இந்தப் பளுவுக்கும் தள்ளுக்கும் போட்டதில்லை. உயரமும் பொருந்த வேண்டும்: ஷார்ட் ஷாஃப்டுக்கு 15 அங்குலம், லாங் ஷாஃப்டுக்கு 20 அங்குலம். விசிறிக்கு மேலுள்ள படுக்கைத் தகடு போட்டின் அடிமட்டத்துக்கு நேராகவோ சற்றுக் கீழாகவோ நிற்க வேண்டும். மேலே நின்றால் அலையில் விசிறி காற்றைக் குடித்து இன்ஜின் அலறும், போட் நகராது.

உடம்பை அணியத்திலிருந்து (முன்முனை) பின்பக்கம்வரை ஒரு சாண் இடைவெளியில் சுத்தியலால் லேசாகத் தட்டிக்கொண்டே போங்கள், பானை வாங்கும்போது தட்டிப் பார்ப்பது போல. கணீரென்று கேட்டால் நல்லது. 'தொப்'பென்று கேட்ட இடத்தில் மார்க்கரால் வட்டம் போடுங்கள். அங்கே அடுக்குகள் பிரிந்திருக்கும் அல்லது பட்டி வைத்து மறைத்திருப்பார்கள். வட்டங்கள் ஏராவை ஒட்டியோ, உள்ளே குறுக்குக் கட்டைகள் சேரும் இடத்திலோ கூடினால் பெரிய பழுது.

2004 சுனாமிக்குப் பிறகு அவசர அவசரமாக ஏராளமான ஃபைபர் போட் கட்டிக் கொடுத்தார்கள். அதில் கண்ணாடி இழை மேட் அடுக்குகள் குறைவான மெல்லிய போட்களும் உண்டு. 2011 டிசம்பரில் தானே, 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் என்று இந்தக் கரையைத் தாக்கிய புயல்களில் அடிபட்டு ஒட்டுப்போட்டவையும் உண்டு. ஒட்டு இருப்பது குற்றமில்லை. உள்பக்கமும் சேர்த்து ஒட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். வெளியே மட்டும் பட்டி தடவியிருந்தால் அது அலங்காரம்.

மிதவை அறைகளில் தண்ணீர் ஏறியிருந்தால் போட் கனக்கும். கரையேற்ற எத்தனை பேர் தேவைப்படுகிறார்கள் என்று பக்கத்துப் போட்காரரிடம் விசாரியுங்கள். விற்பவர் சொல்வதை விட அது நம்பகமானது.

ஓட்டிப் பார்த்தல்

தண்ணீர் நிரப்பிய டிரம்மில் ஓட்டிக் காட்டுவது ஸ்டார்ட் ஆகிறதா என்று பார்க்க மட்டுமே போதும். பளு இல்லாமல் எந்த இன்ஜினும் நன்றாகத்தான் ஓடும். காற்று எழும்புமுன் காலையில், நாலு பேரை ஏற்றிக்கொண்டு ஓட்டுங்கள். தண்ணீர் இல்லாமல் மட்டும் யாரையும் ஸ்டார்ட் செய்ய விடாதீர்கள். சில நொடிகளிலேயே இம்பெல்லர் ரப்பர் கருகும்.

ஸ்டார்ட் செய்யும் முன் பெட்ரோல் குழாயின் ரப்பர் பல்பை அமுக்குங்கள். கல்லாக இறுகி அப்படியே நிற்க வேண்டும். இளகினால் எங்கோ கசிவு. ஆயில் கலப்பு 50-க்கு 1 என்றால் 10 லிட்டருக்கு 200 மில்லி. பைக் ஆயில் ஊற்றுகிறாரா, அவுட்போர்டுக்கான டிசி-டபிள்யூ3 ஆயிலா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஓடத் தொடங்கியதும் பின்னால் நூல் போல் பீய்ச்சும் தண்ணீரைப் பாருங்கள். விட்டு விட்டு வந்தால் இம்பெல்லர் தேய்ந்திருக்கலாம். நன்றாக வந்தாலும் உள்ளே உப்பு அடைத்திருக்கலாம் என்பதால், முக்கால் திராட்டிலில் இருபது நிமிடம் ஓட்டிவிட்டு ஹெட்டில் நாலு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சுரீரென்று கொதித்து ஆவியானால் தண்ணீர் ஓட்டம் சரியில்லை. அடுத்து இரண்டு நிமிடம் முழு திராட்டில். சத்தம் ஏறி வேகம் ஏறாவிட்டால் விசிறியின் நடு ரப்பர் நழுவுகிறது. புறப்படும் முன் ஷாஃப்ட், ரப்பர், விசிறி மூன்றுக்கும் குறுக்கே மார்க்கரால் ஒரே கோடு போட்டு வைத்தால், திரும்பி வந்ததும் கோடு விலகியிருக்கிறதா என்று தெரியும். முன், நியூட்ரல், ரிவர்ஸ் எல்லாம் நாலைந்து முறை மாற்றிப் பாருங்கள். அணைத்துப் பத்து நிமிடம் கழித்துச் சூட்டோடு மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். குளிரில் பிடித்துச் சூட்டில் அடம்பிடிக்கும் இன்ஜினில் காயில் கோளாறு இருக்கலாம். கில் சுவிட்ச் கயிற்றை இழுத்தால் அணைகிறதா என்பதையும் மறக்காதீர்கள்.

கரைக்கு வந்ததும் கியர் ஆயில் சோதனை மறுபடி.

காகிதம்

இன்ஜினின் பிராக்கெட்டில் உள்ள எண் தகடும் பில்லில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். தகடு உரிக்கப்பட்டிருந்தால் வாங்காதீர்கள். மானியத்தில் எடுத்த இன்ஜின் என்றால் கைமாற்றத் தடை உண்டா என்று மீன்வளத்துறை அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். போட்டின் பதிவு எண் தமிழ்நாட்டில் ஐஎன்டி-டிஎன் என்றும் புதுச்சேரியில் ஐஎன்டி-பிஒய் என்றும் தொடங்கும். கடலூர்க்காரர் புதுச்சேரியின் வீராம்பட்டினத்தில் வாங்கினால் அது மாநிலம் தாண்டிய கைமாற்றம், பெயர் மாற்றத்துக்கு இரண்டு பக்க அலுவலகமும் ஏற வேண்டியிருக்கும். சங்கத்தில் கடன் பாக்கி, மீன் வியாபாரியிடம் வாங்கிய முன்பணம் இரண்டையும் ஊர்ப் பஞ்சாயத்தார் முன்னிலையில் விசாரியுங்கள். முன்பணம் கொடுத்த வியாபாரி, போட் கைமாறிய பிறகும் மீன் தனக்குத்தான் என்று வந்து நிற்பார். பெயர் மாறும்வரை ஒரு பகுதிப் பணத்தை நிறுத்தி வையுங்கள். ஒப்பந்தத்தில் போட் எண், இன்ஜின் எண், இரண்டு சிலிண்டரின் கம்ப்ரஷன் அளவு எல்லாவற்றையும் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள்.