முன்தோல் நீட்டும் கருவி உறுத்துகிறதா? கழற்றி வீசும் முன் இதைச் செய்து பாருங்கள்

முன்தோல் இறுக்கத்துக்காக எனக்கு 19 வயதில் முன்தோலை வெட்டும் ஆபரேஷன் நடந்தது. சுன்னத்தோ, விருத்தசேதனமோ, ஆபரேஷனோ, மிச்சத் தோலை நீட்ட நினைப்பவர்கள் பெரும்பாலும் வாங்குவது ஒரே மாதிரிக் கருவிதான். ஆண்குறி மொட்டின் மேல் உட்காரும் பிளாஸ்டிக் கிண்ணம், அதன் மேல் இழுத்துவிட்ட தோலை வெளியிலிருந்து பிடிக்கும் சிலிக்கோன் கூம்பு, அதை முழங்காலோடு கட்டும் பட்டை. தோல் லேசாக, தொடர்ந்து இழுபட்டால் புதிய செல்கள் உண்டாகும். வருடக்கணக்கில் ஆகும், வெட்டுப்பட்ட நரம்பு முனைகள் திரும்ப வராது. வலித்தால்தான் வளரும் என்று நினைத்து நானும் இரண்டு மாதம் புண்ணோடு திரிந்தேன்.

முதலில் 20 நிமிடம் மட்டும் போட்டுவிட்டுக் கழற்றிப் பாருங்கள். சிவந்த கோடு எங்கே விழுந்திருக்கிறதோ அங்கேதான் வேலை.

மொட்டைச் சுற்றி வட்டமாக விழுந்திருந்தால் கிண்ணத்தின் விளிம்புதான் காரணம். ஹார்டுவேர் கடையில் வாட்டர் பேப்பர் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) 400, 800, 1500 நம்பர்களில் ஒவ்வொன்று வாங்குங்கள். (மார்த்தாண்டத்தில் கடைக்காரர் "பைக் பெயிண்டுக்கா?" என்றார். ஆமாம் என்றேன்.) தண்ணீரில் நனைத்து, 400-இல் தொடங்கி 1500 வரை விளிம்பை உருட்டித் தேயுங்கள். காய வைத்துத் தேய்த்தால் தூசி பறக்கும். பழைய நைலான் சாக்ஸை விளிம்பில் இழுத்துப் பாருங்கள், நூல் மாட்டாமல் வழுக்கினால் போதும். அப்புறம் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவுங்கள்.

வெளித்தோலில் கோடு என்றால் கூம்பு இறுக்கம். நகம் வெட்டும் கத்தரியால் வாய்ப்பக்கம் 1 மில்லிமீட்டர் மட்டும், பிசிறில்லாமல் வெட்டிப் போட்டுப் பாருங்கள். அதிகம் வெட்டினால் பிடிமானம் போய்விடும், ஒட்டவும் முடியாது. பிடிமானம் போதவில்லை என்று ரப்பர் வளையம் எதையும் மாட்டாதீர்கள். ரப்பர் நம் கன்னியாகுமரி மாவட்டத்துச் சரக்குதான், ஆனாலும் சிலருக்கு அது அலர்ஜி. இறுக்கினால் ரத்த ஓட்டமும் நிற்கும். தேங்காய் எண்ணெய் கழற்றியபின் மட்டும், முன்னால் தடவினால் கூம்பு வழுக்கும்.

காலில் கோடு விழுந்தால் சுலபம். கூட வந்த மெல்லிய பட்டையை விட்டுவிட்டு, நாகர்கோவில் வடசேரியில் தையல் சாமான் கடையில் 1 அங்குல எலாஸ்டிக் வாங்கி வெல்க்ரோ தைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர் வியர்வைக்கு அடியில் ஒரு பருத்தித் துணி வேண்டும். நீளத்தை நின்றும் உட்கார்ந்தும் பார்த்து வையுங்கள்.

சரி, எப்படி மாற்றினாலும் மணிக்கு ஒருமுறை கழற்றிவிடுங்கள். மொட்டு நீலமானாலோ, குளிர்ந்தாலோ, மரத்துப்போனாலோ உடனே கழற்றுங்கள். தூங்கும்போது வேண்டாம். சர்க்கரை நோயோ புண்ணோ இருந்தால் டாக்டரிடம் கேட்காமல் தொடங்கவே வேண்டாம்.

வீட்டில் சாரம் (லுங்கி) கட்டிக்கொண்டு பழகுங்கள். நான் அவசரப்பட்டு மார்த்தாண்டத்திலிருந்து நாகர்கோவிலுக்கு நெரிசல் பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். தக்கலையில் இறங்கிக் கழிப்பறை தேட வேண்டியதாயிற்று.