வெளிநாட்டு இசை ஊழியக் குழு மலையகத்துக்கு வருகிறதா? முதன்முறை ஏற்பாடு செய்பவர்களுக்கு

வெளிநாட்டுக் கிறிஸ்தவ இசைக் குழு ஒன்று இலங்கை மலையகத்தில் உங்கள் தேயிலைத் தோட்டத்துச் சபைக்கு வருவதாகக் கடிதம் வந்ததும் பந்தல், மாலை, சாப்பாடு என்றுதான் பேச்சு ஓடும். அதற்கெல்லாம் நேரம் இருக்கிறது. நம் பாடகர் குழு அவர்களோடு சேர்ந்து எதைப் பாடப்போகிறது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். 1854இல் தோட்டத் தொழிலாளரிடையே ஊழியம் செய்யத் தமிழ்க் கூலி மிஷன் தொடங்கிய காலம் முதல் தோட்டங்களில் தமிழில் பாடி ஆராதிக்கும் சபைகள் இருக்கின்றன. பாட்டு ஏற்கெனவே வேரூன்றிய மண்ணுக்குத்தான் விருந்தினர் வருகிறார்கள். ஏற்பாடு முழுவதும் அந்த நினைப்போடு நடக்க வேண்டும்.

படி 1: நாளும் நேரமும்

மே முதல் செப்டெம்பர் வரை ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியாப் பக்கம் தென்மேற்குப் பருவமழை. பதுளை, பண்டாரவளைப் பக்கம் ஆண்டிறுதியில் நனையும். பெப்ரவரி, மார்ச் பொதுவாக நல்ல காலம். ஆனால் டிசம்பர் பௌர்ணமி முதல் மே மாத வெசாக் பௌர்ணமி வரை சிவனொளிபாதமலை யாத்திரை நடப்பதால், வார இறுதியிலும் போயா (பௌர்ணமி விடுமுறை) நாட்களிலும் ஹட்டன்–மஸ்கெலியா வீதியில் வாகனம் நகராது. அந்த வழியில் இருப்பவர்கள் வாரநாளைத் தெரிவு செய்வது நல்லது.

வாரநாள் என்றால் நேரத்தில் கவனம் தேவை. கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு லயனுக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) வரும் பெண்கள் தண்ணீர் பிடித்து, அடுப்பு மூட்டி, பிள்ளைகளைக் கவனித்த பிறகுதான் வெளியே வர முடியும். ஐந்து மணிக்குக் கூட்டம் வைத்தால் சபையின் உயிரான அவர்கள் வர மாட்டார்கள். ஆறரைக்குத் தொடங்கி ஒன்பதுக்குள் முடியுங்கள். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குத் தடை இருக்கிறது.

படி 2: அனுமதிகள்

குழுவின் நிகழ்ச்சித் திட்டத்தை எதையும் மறைக்காமல் எழுதி, எந்த விசா பொருந்தும் என்று குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தில் கேளுங்கள். சுற்றுலா விசா போதும் என்று நீங்களாக முடிவு செய்ய வேண்டாம். பதிலை எழுத்தில் வாங்கி, விமான டிக்கெட் எடுக்கும் முன் குழுவுக்கு அனுப்புங்கள். ஒலிபெருக்கி அனுமதிக்குப் பொலிஸ் நிலையம். தோட்ட மைதானம் என்றால் துரைக்கு (தோட்ட முகாமையாளருக்கு) கடிதம்.

காகிதத்தில் வராத அனுமதி ஒன்றும் உண்டு. கோயில் கமிட்டித் தலைவரை நேரில் பார்த்து நாளைச் சொல்லுங்கள். அம்மன் திருவிழாக் காப்புக் கட்டும் நாளோடு மோதினால் நம் நாளைத்தான் மாற்ற வேண்டும். பக்கத்தில் பன்சலை (பௌத்த விகாரை) இருந்தால் அங்கும் சொல்லுங்கள். பிற மதத்தைத் தாழ்த்தும் ஒரு சொல்கூட மேடையில் வரக் கூடாது என்பதைக் குழுவுக்கு முன்கூட்டியே எழுதிவிடுங்கள். நாம் அதே லயனில் பிற மதத்தவரோடு வாழப்போகிறவர்கள்.

படி 3: பாட்டு

இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். நம் சபையில் எல்லோருக்கும் மனப்பாடமான இரண்டு கீர்த்தனைகளைக் கைபேசியில் பதிவு செய்து, சுருதியையும் தாளத்தையும் குறித்து, இரண்டு மாதங்களுக்கு முன்பே அனுப்புங்கள். தமிழ் வரிகளை அவர்கள் வாசிக்கக்கூடிய எழுத்தில் அசை பிரித்து எழுதிக் கொடுங்கள். அவர்களிடமிருந்தும் இரண்டு பாடல்களை வாங்கி, பல்லவியையாவது தமிழில் நம் பிள்ளைகளுக்குப் பழக்குங்கள்.

வந்த மறுநாள் காலையை ஒத்திகைக்கு மட்டும் வையுங்கள். கீபோர்ட் வாசிப்பவரையும் நம் தபேலாக்காரரையும் அருகருகே உட்கார வையுங்கள். கீர்த்தனையில் தாள அடி எங்கே விழுகிறது என்பதைத் தபேலாக்காரர் தன் தொடையில் தட்டிக் காட்டினால் போதும், மொழிபெயர்ப்பாளர் தேவைப்படாது. ஆல்டோ, டெனர் என்று குரல்களைப் பிரித்துப் பாடும் முறையை நம் இளையவர்களுக்குக் கற்றுத்தரக் குழுவிடம் ஒரு மணி நேரம் கேட்டு வாங்குங்கள். விருந்தினர் போன பிறகும் சபையில் தங்குவது அதுதான். ஒரு நாளைக்கு ஒரு நிகழ்ச்சிக்கு மேல் வைக்காதீர்கள். குரலுக்கும் ஓய்வு வேண்டும்.

படி 4: மின்சாரமும் கருவிகளும்

இங்கே 230 வோல்ட். அமெரிக்க மின்சாரம் 120, ஜப்பானில் 100. அடாப்டரின் அடிப்பக்கத்தில் பொடி எழுத்தில் 100–240 என்று அச்சிட்டிருந்தால் பயமில்லை. 120 மட்டும் இருந்தால் மின்னழுத்தத்தைக் குறைக்கும் டிரான்ஸ்போமர் இல்லாமல் செருகவே கூடாது. பழைய மண்டபங்களில் உருண்டை முனைப் பிளக்கும் புதியவற்றில் சதுர முனைப் பிளக்கும் இருக்கும். இரண்டுக்கும் பொருந்தும் பிளக் மாற்றிகளை வாங்கி வையுங்கள். ஜெனரேட்டரை வாடகைக்குப் பேசி, முதல்நாளே ஓட்டிப் பாருங்கள்.

கட்டுநாயக்கா விமான நிலைய வெக்கையிலிருந்து மலைக் குளிருக்கு வரும் கிட்டாரைப் பெட்டியைத் திறக்காமல் சில மணி நேரம் மண்டபத்திலேயே வைக்கச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு சுருதி சேர்த்தால் நிற்கும். மூடுபனி இறங்கும் இரவில் திறந்த மேடையில் அதை விட்டுவைக்கக் கூடாது.

படி 5: பயணம், தங்குமிடம், சாப்பாடு

விமான நிலையத்திலிருந்து அவிசாவளை, கித்துல்கல, கினிகத்தேனை வழியாக ஹட்டன் வர அரை நாள் பிடிக்கும். வளைவுகளில் வாந்தி வரலாம். அன்று இரவு நிகழ்ச்சி வேண்டாம். மழைக்காலமென்றால் மண்சரிவு எச்சரிக்கையைப் பார்த்துவிட்டே வாகனத்தை எடுங்கள்.

குருமனையோ (போதகர் வீடோ) சபையார் வீடோ, கம்பளியும் வெந்நீரும் சுத்தமான கழிவறையும் போதும். குடிக்கக் கொதித்து ஆறிய தண்ணீர் மட்டும். விருந்தென்று கடன் வாங்கிக் கோழி அடிக்க வேண்டாம். ரொட்டியும் காரம் குறைத்த சம்பலும் பருப்பும் பிளேன்டீயும் மனதார வைத்தால் விருந்தினர் மகிழ்வார்கள்.

படி 6: பணமும் பிள்ளைகளும்

தனிப்பட்டவர்கள் கையில் பணம் கொடுக்கக் கூடாது என்று குழுவிடம் முன்பே சொல்லுங்கள். காணிக்கை எதுவானாலும் சபைப் பொருளாளர் மூலம், ரசீதோடு. பெற்றோர் சம்மதமின்றிப் பிள்ளைகளைப் படமெடுப்பதும், பெரியவர் துணையின்றிப் பிள்ளைகளைத் தனியே அழைத்துப் போவதும் கூடவே கூடாது. இதைச் சொல்லக் கூச்சப்படாதீர்கள். நல்ல குழு இதை எதிர்பார்த்தே வரும்.

குழு புறப்பட்ட வாரத்திலேயே வரவு செலவைச் சபையில் வாசித்து, ஒத்திகைப் பதிவுகளைப் பாடகர் குழுவிடம் ஒப்படையுங்கள். அடுத்த ஞாயிறு ஆராதனையில் அந்தப் பாடல்களுள் ஒன்றை அவர்களே பாடட்டும்.