முதல் சீரம்: தோட்டப் பட்டணத்து வெயிலில் பயன்படுத்தும் முறை

முகம் கழுவிய பின்னரும் மாய்ஸ்சரைசர் பூசுவதற்கு முன்னரும் தடவப்படும் மெல்லிய திரவத்தையே சீரம் என்கிறோம். தோலை மூடிக் காக்கும் எண்ணெயும் மெழுகும் இதில் குறைவு. குறிப்பிட்ட ஒரு வேலைக்காகச் சேர்க்கப்படும் மூலப்பொருள் அதிகம். அதனால் பலன் கூடுவதைப் போலவே, அளவு தவறினால் எரிச்சலும் கூடும். வெளிறிய தோலில் சிவந்து மறைந்துவிடும் எரிச்சல், நம்முடைய மாநிறத் தோலிலும் கறுத்த தோலிலும் கருமையாகப் படிந்து மாதக்கணக்கில் நிற்கக்கூடியது. கரும்புள்ளியைப் போக்க வாங்கிய சீரமே புதிய கரும்புள்ளிக்குக் காரணமாவதை மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள எங்கள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் பார்த்து வருவதால், கீழே உள்ள படிகளை விரைவான பலனுக்காக அன்றி, எரிச்சல் வராமல் காப்பதற்காகவே வரிசைப்படுத்தியிருக்கிறேன்.

முதற்படி: சீரம் தொடங்கும் முன் சன்ஸ்கிரீன் பழக்கம்

மலேசியா நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் புற ஊதாக் கதிர்களின் கடுமை இங்கே ஆண்டு முழுவதும் குறைவதில்லை. மேகம் மூடிய நாளிலும் அவை ஓரளவு ஊடுருவி வருகின்றன. செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்பவரும், மோட்டார் சைக்கிளில் பட்டணத்துக்கு வேலைக்குப் போய் வருபவரும் சன்ஸ்கிரீன் இல்லாமல் சீரம் மட்டும் போடுவது, இரவில் சரிசெய்ததைப் பகலில் கெடுப்பதாகவே முடியும். வெயிலிலிருந்து காக்கும் அளவைக் குறிக்கும் எஸ்பிஎஃப் எண் 30 அல்லது அதற்கு மேற்பட்ட ஒன்றை எடுத்து, ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நீளவாக்கில் ஒவ்வொரு கோடு பிதுக்கினால், அதுவே முகத்துக்கும் கழுத்துக்கும் உரிய அளவு. வியர்க்கும் வேலையாக இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மீண்டும் பூச வேண்டும்; அதற்கு வழியில்லாதவர் அகலமான தொப்பியை நம்பலாம். கையில் இருக்கும் வெள்ளி ஒரு பொருளுக்கு மட்டுமே போதுமென்றால், தயங்காமல் சன்ஸ்கிரீனையே வாங்குங்கள்.

இரண்டாம் படி: ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுத்தல்

தொடங்குபவர்களுக்கு நான் பரிந்துரைப்பது நியாசினமைடு. வைட்டமின் பி3-இன் ஒரு வடிவமான இது, நிறமி தோலின் மேலடுக்குக்குச் சென்று சேர்வதைக் குறைக்கிறது; எண்ணெய்ப் பசையைக் கட்டுப்படுத்தவும் ஓரளவு உதவுகிறது. 4 அல்லது 5 விழுக்காடே போதுமானது. கடைகளில் 10 விழுக்காடு என்று பெரிதாக அச்சிட்டு விற்கப்படுபவை எல்லாம் இரு மடங்கு பலன் தருபவை அல்ல. சிலருக்கு எரிச்சலை மட்டுமே தருகின்றன.

ஹெல்மெட் வாருக்கு அடியிலும் நெற்றியிலும் பரு வருபவர்களுக்கு 2 விழுக்காட்டுக்கு மேற்படாத சாலிசிலிக் அமிலம் பொருந்தும், ஏனெனில் அது எண்ணெயில் கரைந்து துளைகளுக்குள் செல்லக்கூடியது. ஹயலுரானிக் அமிலம் ஈரத்தைப் பிடித்து வைப்பது. நாள் முழுவதும் குளிரூட்டிய தொழிற்சாலையில் நிற்பவருக்கு அது தேவைப்படலாம், மற்றவர்களுக்கு நம் ஊர்ப் புழுக்கத்தில் அவசரமில்லை. வைட்டமின் சி நல்ல பொருள்தான்; ஆனால் அதன் அஸ்கார்பிக் அமில வடிவம் வெப்பம், வெளிச்சம், காற்று மூன்றிலும் கெட்டுப்போகும். மோட்டார் சைக்கிள் இருக்கைக்கு அடியில் மறந்து வைத்த புட்டி பழுப்பு நிறத்துக்கு மாறியிருந்தால் அதை எறிந்துவிட வேண்டும். வைட்டமின் ஏ-இன் ஒரு வடிவமான ரெட்டினாலை முதல் சீரமாக எடுக்கவே வேண்டாம்.

மூன்றாம் படி: வாங்கும்போது பார்க்க வேண்டியவை

மலேசியாவில் விற்கப்படும் அழகுப் பொருள் ஒவ்வொன்றும் என்பிஆர்ஏ எனப்படும் தேசிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பிடம் அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும். அந்த அறிவிப்பு எண், என்ஓடி என்ற எழுத்துகளில் தொடங்கிக் கே என்ற எழுத்தில் முடியும். அதை அமைப்பின் இணையத்தளத்தில் தேடி, பொருளின் பெயரும் நிறுவனத்தின் பெயரும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். எண் இருப்பதால் பொருள் பலன் தரும் என்று பொருளில்லை. யார் பொறுப்பு என்பது தெரியும், அவ்வளவே.

இரவுச் சந்தையில் பெயர்ச்சீட்டு இல்லாத டப்பாக்களில் ஒரே வாரத்தில் முகம் வெளுக்கும் என்று விற்கப்படுபவற்றை நான் கடுமையாகவே எதிர்க்கிறேன். இத்தகையவற்றில் பாதரசமும், மருத்துவர் கண்காணிப்பில் மட்டுமே பயன்படுத்த வேண்டிய மருந்துகளான ஹைட்ரோகுயினோன், டிரெட்டினாயின், ஸ்டீராய்டு ஆகியவையும் கண்டுபிடிக்கப்பட்டு என்பிஆர்ஏ பலமுறை எச்சரிக்கை வெளியிட்டுள்ளது. பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஸ்டீராய்டு தோலை மெலியச் செய்து, நிறுத்தியவுடன் பருவும் சிவப்புமாகப் பொங்க வைக்கும். பக்கத்து வீட்டு அக்காவுக்கு நிறம் வந்துவிட்டதே என்பது வாங்குவதற்குக் காரணமாகாது.

நான்காம் படி: சோதித்துத் தடவுதல்

புதிய சீரத்தை முழங்கையின் உட்பக்கத்தில் சிறிதளவு, நாளுக்கு இருமுறை, ஒரு வாரம் தடவிப் பாருங்கள். தடிப்போ அரிப்போ வராவிட்டால் முகத்துக்குச் செல்லலாம்.

இரவில் மென்மையான ஃபேஸ் வாஷால் முகத்தைக் கழுவி, துவாலையால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். இரண்டு மூன்று சொட்டுகளை உள்ளங்கையில் விட்டு, சொட்டுக்குழாய் தோலில் படாமல், விரல் நுனிகளால் முகம் முழுவதும் பரப்பி, கண்ணோரத்தையும் உதட்டோரத்தையும் விட்டுவிடுங்கள். ஒரு நிமிடத்தில் ஒட்டும் தன்மை குறைந்ததும் மாய்ஸ்சரைசர் பூசலாம். நம் தட்பவெப்பத்துக்கு ஜெல் வகை போதும். மஞ்சள் பூசிக் குளிக்கும் வழக்கம் உள்ளவர்கள் அதை விட வேண்டியதில்லை. ஆனால் எலுமிச்சைச் சாற்றை முகத்தில் தேய்க்கும் பழக்கத்தைச் சீரம் தொடங்கும் முன்பே நிறுத்திவிட வேண்டும்.

முதல் இரண்டு வாரங்கள் ஒருநாள் விட்டு ஒருநாள், பிறகு நாள்தோறும் என்று கூட்டிக்கொள்ளுங்கள். சாலிசிலிக் அமிலமாக இருந்தால் வாரத்துக்கு இருமுறையில் தொடங்குவதே சரி. நொடிப்பொழுது சுருக்கென்பதைப் பொறுக்கலாம். எரிந்துகொண்டே இருந்தால் கழுவிவிட்டு, தோல் ஆறும் வரை மாய்ஸ்சரைசரும் சன்ஸ்கிரீனும் மட்டும் போதும். கரும்புள்ளி மங்க 8 முதல் 12 வாரங்கள் ஆகும் என்பதால், அதற்குள் வேறொரு சீரத்தைச் சேர்த்தால் எது உதவியது, எது கெடுத்தது என்று பிரித்தறிய முடியாது.

கர்ப்பிணிகள் ரெட்டினால் வகைகளை முற்றிலும் தவிர்க்க வேண்டும். கன்னங்களில் இருபுறமும் ஒத்தாற்போல் படரும் மங்கு சீரத்தால் மட்டும் அடங்குவது அரிது. அதற்கு இரும்பு ஆக்சைடு கலந்த நிறமுள்ள சன்ஸ்கிரீனும் மருத்துவரின் ஆலோசனையும் தேவை. அரசாங்கக் கிளினிக்குக்குப் போகும்போது, இதுவரை முகத்தில் தடவிய எல்லாவற்றின் பெட்டிகளையும், அந்தப் பெயரில்லாத டப்பா உட்பட, மறைக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.