ஒரே ஷீட்டில் ஒரு பதினெட்டு இன்ச் பேஸ் பாக்ஸ்

பேஸ் பாக்ஸ், அதாவது தாழ்ந்த 'தொம்' சத்தத்துக்கான ஸ்பீக்கர் பெட்டி, செய்யப் போகிறேன் என்று எங்கள் கடைக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை வாட்ஸ் ஸ்பீக்கர் போடலாம் அண்ணே?" என்றுதான். நான் பேச்சைப் பலகை பக்கம் திருப்பிவிடுவேன். நல்ல பதினெட்டு இன்ச் ஸ்பீக்கரைக் காற்று ஒழுகுகிற, அதிர்கிற பெட்டியில் போட்டால் போட்ட காசில் பாதி வீண். தவிலின் தொப்பியில் கழி விழும்போது அந்த 'தொம்' நெஞ்சில் இறங்கி, அத்தோடு அடங்க வேண்டும். பெட்டி சரியில்லை என்றால் அடி நின்ற பிறகும் 'ம்ம்ம்' என்று இழுத்துக்கொண்டே இருக்கும். அடுத்த அடி அதற்குள் புதைந்துபோகும். விருதுநகர் பக்கம் பங்குனி, சித்திரைத் திருவிழாக்களுக்கு சவுண்ட் சர்வீஸ் செய்கிறவனுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

பாக்ஸ் என்ன வேலை செய்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் பிறகு வருவதெல்லாம் தானாகப் புரியும். கோன், அதாவது ஸ்பீக்கரின் ஆடும் கூம்பு, முன்னால் போகும்போது முன்பக்கக் காற்று அமுங்கும், பின்பக்கக் காற்று விரியும். இரண்டையும் கலக்கவிட்டால் பேஸ் ஒன்றை ஒன்று தின்றுவிடும். அதனால்தான் பெட்டி. அந்தப் பெட்டியில் ஒரு போர்ட், அதாவது காற்று போய்வரும் திறப்பு, வைத்தால், போர்ட்டில் உள்ள காற்று எடையாகவும் பெட்டிக்குள் உள்ள காற்று ஸ்பிரிங்காகவும் சேர்ந்து ஒரு குறிப்பிட்ட ஹெர்ட்ஸில் (நொடிக்கு எத்தனை அதிர்வு என்ற கணக்கு) ஆடும். அந்த ஹெர்ட்ஸைத்தான் டியூனிங் என்கிறோம். அங்கே கோன் ஏறக்குறைய நின்றுவிடும், சத்தத்தைப் போர்ட் கொடுக்கும். ஆஸ்திரேலியாவின் நெவில் தீல் 1961-இல் இதற்கான கணக்கை எழுதினார். சிட்னி பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த ரிச்சர்ட் ஸ்மால் 1970-களின் தொடக்கத்தில் அதை முழுமையாக்கினார். ஸ்பீக்கரோடு வரும் தாளில் எஃப்.எஸ். (ஸ்பீக்கர் தானாக ஆடும் ஹெர்ட்ஸ்), க்யூ.டி.எஸ். (அந்த ஆட்டம் எவ்வளவு கட்டுக்குள் இருக்கிறது), வி.ஏ.எஸ். (கோனின் பிடிமானத்துக்குச் சமமான ஸ்பிரிங் தரும் காற்றின் அளவு) என்று இருப்பவை இவர்கள் பெயரில் வழங்கும் அளவுகள்தான். அந்தத் தாள் இல்லாத ஸ்பீக்கரை வாங்காதீர்கள். கீழே நான் சொல்லும் பாக்ஸுக்கு எஃப்.எஸ். 30-லிருந்து 40 ஹெர்ட்ஸ் வரை, க்யூ.டி.எஸ். 0.3-லிருந்து 0.4 வரை இருக்கிற ஸ்பீக்கர் பொருந்தும். வின்ஐஎஸ்டி இலவச மென்பொருள், அதில் எண்களைப் போட்டு ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

பிளைவுட் 18 மி.மீ. ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு 303 பி.டபிள்யூ.ஆர். (கொதிநீர் தாங்கும் ரகம்) போதும், மழையில் நனையும் தொழில் என்றால் 710 மரைன். எம்.டி.எஃப். (மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை) வீட்டுக்குள் வைக்கும் பாக்ஸுக்குச் சரி. வண்டியில் ஏறி இறங்கும் பாக்ஸுக்கு அது ஆகாது, மூலை ஒருமுறை ஈரம் குடித்தால் ஊதிவிடும். கடையில் ஷீட்டை நிமிர்த்தி வைத்து நான்கு ஓரத்தையும் பாருங்கள். அடுக்குகளுக்கு நடுவே கருப்பாகப் பொந்து தெரிந்தால் அந்த ஷீட் வேண்டாம். அப்புறம் ஐந்து ரூபாய் நாணயத்தால் பலகை முழுக்கத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடத்தில் 'டக்' என்று கெட்டியாகக் கேட்கும், உள்ளே வெற்றிடம் இருந்தால் சத்தம் சட்டென்று மாறும். அந்த வெற்றிடம்தான் நாளைக்கு 45 ஹெர்ட்ஸில் 'கிர்ர்' என்று கத்தப்போகிறது.

இனி அளவு. வெளி அளவு 560 அகலம், 720 உயரம், 650 ஆழம், எல்லாம் மி.மீ. 2440-க்கு 1220 ஷீட் ஒன்றில் முழு பாக்ஸும் அடங்கும்படி போட்ட அளவு இது. ஷீட்டை நீளவாக்கில் 650 பட்டை ஒன்று, 560 பட்டை ஒன்று என்று கிழியுங்கள். 650 பட்டையில் பக்கப்பலகை இரண்டு, ஒவ்வொன்றும் 684 உயரம். அதோடு மேல்பலகை, 560. மிச்சம் 650-க்கு 500 சொச்சம் துண்டு நிற்கும், பெட்டி அதிராமல் உள்ளே முட்டுக்கொடுக்கும் உள்தாங்குக்கு அது. 560 பட்டையில் அடிப்பலகை 650 நீளம். மற்ற மூன்றையும் 524 அகலத்துக்குக் குறைத்துக்கொள்ளுங்கள்: பின்பலகை 684, முன்பலகை 604, போர்ட் தட்டு 360. உங்கள் ஷீட்டின் தடிமனை முதலில் அளந்துவிடுங்கள். 18 என்று எழுதியிருப்பது சில நேரம் 17.5-தான் இருக்கும், அப்போது 524 என்பது 525 ஆகும். பக்கப்பலகை உயரமும் பின்பலகை உயரமும் அதேபோல 1 மி.மீ. கூடும்.

முன்பலகையை 40 மி.மீ. உள்ளே தள்ளிப் பொருத்த வேண்டும், ஸ்பீக்கருக்கு முன்னால் வரும் வலை, அதாவது கிரில், உட்கார அந்த இடம் தேவை. முன்பலகைக்குக் கீழே 80 மி.மீ. திறப்பு முழு அகலத்துக்கும் ஓடும், அதுதான் போர்ட். 524-க்கு 80 என்றால் 419 சதுர செ.மீ. பதினெட்டு இன்ச் கோனின் பரப்பு சுமார் 1,200, அதில் மூன்றில் ஒரு பங்கு கிடைத்துவிடுகிறது. இதைவிடச் சின்னதாக வைத்தால் சத்தம் கூட்டும்போது போர்ட்டில் காற்று 'புஸ் புஸ்' என்று வாங்கும். தட்டு முன்பலகையின் பின்னால் ஒட்டிக்கொண்டு 360 உள்ளே போகிறது, முன்பலகைத் தடிமனையும் சேர்த்துப் போர்ட் நீளம் 378. ஸ்பீக்கரும் தாங்குகளும் அடைக்கும் இடம் போக உள்ளே சுமார் 170 லிட்டர் நிற்கும். டியூனிங் 38 ஹெர்ட்ஸ் அருகில் வரும்.

ஸ்பீக்கர் ஓட்டையை ஸ்பீக்கர் கைக்கு வந்த பிறகு அளந்து வெட்டுங்கள். பெரும்பாலும் 420-லிருந்து 425-க்குள் இருக்கும். ஒரு பட்டைப் பலகையில் டிரிம்மரை (பலகையைச் செதுக்கி வெட்டும் கை மெஷின்) பொருத்தி, மறுமுனையில் ஆணி அடித்துச் சுற்றினால் வட்டம் சுத்தமாக வரும். ஜிக்சாவிலும் முடியும், ஆனால் பிளேடு சாய்ந்து ஓட்டை சரிவாகிவிடும். எட்டு போல்ட் ஓட்டைக்கும் பின்பக்கத்திலிருந்து எம்6 டீ-நட் (மரத்தில் பதிந்து உட்காரும் நட்டு) அடியுங்கள். மர ஸ்க்ரூவில் ஸ்பீக்கரை மாட்டுவது ஒரு சீசன்கூடத் தாங்காது. போர்ட்டின் முன் விளிம்பையும் உள் விளிம்பையும் டிரிம்மரால் உருட்டிவிடுங்கள்.

பூட்டும்போது முதலில் பசை இல்லாமல் எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள். பிறகு ஃபெவிகால் மரைன். கஞ்சத்தனம் வேண்டாம், இறுக்கும்போது இணைப்பு நெடுக வெள்ளைக் கோடாகப் பசை பிதுங்கி வர வேண்டும். வராத இடத்தில் காற்று வரும். 50 மி.மீ. ஸ்க்ரூ, 120 மி.மீ. இடைவெளி, ஒவ்வொன்றுக்கும் முன்னோட்ட ஓட்டை கட்டாயம், இல்லையென்றால் பிளைவுட் அடுக்கு பிளந்துகொள்ளும். பசை காய்வதற்கு முன் வெளியே மூலைக்கு மூலை டேப் பிடியுங்கள். இரண்டு குறுக்கும் 912 மி.மீ. காட்ட வேண்டும். காட்டாவிட்டால் நீளமான குறுக்கில் கிளாம்ப் போட்டு இழுத்துச் சரிசெய்யுங்கள். முன், பின் பலகைகள் அண்டி உட்கார 25 மி.மீ. ரீப்பரை, அதாவது மரச்சட்டத்தை, சுற்றிலும் ஒட்டிக்கொள்ளுங்கள்.

உள்தாங்கை விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். சந்தையில் ரெடிமேடாக விற்கும் பெட்டிகளைத் திறந்து பாருங்கள், உள்ளே வெறும் கூடு. மிச்சத் துண்டில் 90 மி.மீ. பட்டைகளாக வெட்டி, மேக்னட்டுக்குப் பின்னால், முன்பலகையிலிருந்து 300 மி.மீ. தள்ளி, கூட்டல் குறிபோல ஒன்று செய்யுங்கள். குறுக்குக் கட்டை பக்கத்துக்குப் பக்கம் 524, நெடுக்குக் கட்டை போர்ட் தட்டிலிருந்து மேல்பலகை வரை 586. நடுவில் பாதி பாதி வெட்டிக் கோத்து, அந்த நடுவிலிருந்து பின்பலகை வரை இன்னொரு துண்டு. போர்ட்டுக்குள் நடுவில் 80 மி.மீ. உயரத் தாங்கு ஒன்று நீளவாக்கில் வைத்தால் தட்டும் ஆடாது. முடிந்த பிறகு பக்கப்பலகையில் முஷ்டியால் குத்திப் பாருங்கள். கை வலிக்க வேண்டும், பலகை பேசக் கூடாது.

உள்ளே ஃபோம் பற்றி நிறைய பேர் கவலைப்படுகிறார்கள். இந்தப் பெட்டிக்குள் எதிரொலி நிற்கக்கூடிய மிகக் கீழான இடமே 250 ஹெர்ட்ஸ் பக்கம், நாம் 100-க்கு மேல் இதற்கு எதையும் கொடுக்கப்போவதில்லை. பின்பலகையில் ஒரு ஃபோம் ஷீட் ஒட்டினால் போதும், போர்ட் வாயை மட்டும் அடைக்காதீர்கள்.

வெளிப்பூச்சுக்குக் கார்பெட்டை நான் சொல்ல மாட்டேன், ஐப்பசி மழையில் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பிரைமர், அதன்மேல் ரோலரில் கருப்பு டெக்ஸ்சர் பெயின்ட். கைப்பிடி பின்பக்கம் மூடிய கிண்ண வகையாக இருக்கட்டும். சக்கரங்களைப் பின்பலகையில் போடுங்கள், வேலை நேரத்தில் பாக்ஸ் தரையில் அசையாமல் உட்காரும். ஷீட்டே 35 கிலோவை ஒட்டி இருக்கும், ஸ்பீக்கரும் சேர்ந்தால் இரண்டு பேர் தூக்கும் பாரம்.

ஸ்பீக்கருக்கு அடியில் ஃபோம் டேப் ஒட்டி, போல்ட்டுகளை எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்குங்கள். 2.5 சதுர மி.மீ. ஒயர், ஸ்பீக்கான் சாக்கெட். 1.5 வோல்ட் பேட்டரியின் பிளஸ்ஸைப் பிளஸ்ஸில் தொட்டால் கோன் வெளியே வர வேண்டும். ஒரு பாக்ஸ் மட்டும் மாறியிருந்தால் பக்கத்துப் பாக்ஸின் பேஸையும் அது கொன்றுவிடும்.

இப்போது சோதனை. போனில் டோன் ஜெனரேட்டர் ஆப் போட்டு, ஆம்பை மெதுவாக வைத்து 50 ஹெர்ட்ஸிலிருந்து ஒவ்வொன்றாக இறக்குங்கள். கோனின் நடுமூடியில் விரலை லேசாக வையுங்கள். 42, 40 என்று வரும்போது விரலில் துடிப்பு குறையும், ஓர் இடத்தில் கோன் தூங்குவதுபோல் நின்றுவிடும், அதே நேரத்தில் போர்ட் வாயில் தொங்கவிட்ட துணி படபடவென்று அடிக்கும். அதுதான் உங்கள் டியூனிங். 38-க்கு மேலே நின்றால் தட்டின் உள் முனையில் துண்டு ஒட்டி நீட்டுங்கள், ஸ்பீக்கர் ஓட்டை வழியாகவே கை போகும். அதே டோனில் ஊதுபத்தியை இணைப்புகள் நெடுகக் கொண்டுபோங்கள். புகை நடுங்கினால் அங்கே ஒழுகுகிறது. மரத்தூளும் ஃபெவிகாலும் குழைத்து உள்ளிருந்து அடையுங்கள்.

பேஸையும் மேல் சத்தத்தையும் பிரித்து அனுப்பும் கிராஸ் ஓவரில் மேல் வெட்டு 90 அல்லது 100 ஹெர்ட்ஸ். கீழ் வெட்டு 32 ஹெர்ட்ஸ், 24 டி.பி. (டெசிபல்) சரிவு, இதை மட்டும் மறக்கவே கூடாது. டியூனிங்குக்குக் கீழே கோனுக்குப் பிடிமானமே இல்லை. கீழ் வெட்டு இல்லாமல் ஓட்டினால் எவ்வளவு விலை கொடுத்த ஸ்பீக்கராக இருந்தாலும் கோனை ஆட்டும் கம்பிச்சுருளான காயில் வெளியே குதித்து உரசிவிடும். இரண்டு பாக்ஸ் இருந்தால் மேடைக்கு இருபுறம் பிரிக்காமல் ஒட்டி வையுங்கள், ஒன்றைவிட 6 டி.பி. வரை கூடுதல் கிடைக்கும். முதல் விழா முடிந்து வந்ததும் கிரில்லைக் கழற்றி எட்டு போல்ட்டையும் ஒருமுறை இறுக்கிவிடுங்கள். ஃபோம் டேப் அமுங்கி, எப்படியும் கால் சுற்று இளகியிருக்கும்.