கைமாத்து கொடுத்த பிறகும் உறவு கெடாமல் இருக்க

கைமாத்து வாங்கியவர் ஏமாற்றுக்காரராக இருப்பது அபூர்வம். திருப்ப முடியாத கூச்சத்தில் தெரு மாறி நடப்பார். கொடுத்தவர் அதைத் திமிர் என்று எடுத்துக்கொள்வார். முறிவது அங்கேதான்.

கேட்டவுடன் தொகை சொல்லாதீர்கள். "நாளைக்குச் சொல்றேன்" என்று ஒரு ராத்திரி தள்ளுங்கள். வராமலே போனாலும் அவர் வீட்டு விசேஷத்துக்கு முகம் சுளிக்காமல் போக முடிகிற தொகை எதுவோ, அதுவரைதான் கொடுக்கலாம். 50,000 கேட்டவருக்கு 10,000 கொடுத்தால் தப்பில்லை.

தவணையில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். "அடுத்த மாசம்" என்பது தேதியே இல்லை. அவர் கையில் காசு புரளும் நாளைப் பார்த்துக் குறியுங்கள். கடலூர் முதுநகரில் விசைப்படகு வைத்திருப்பவரிடம் மே மாதம் கேட்டு என்ன பயன்? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம்; ஜூலைக் கடைசி என்று வையுங்கள். பண்ருட்டி முந்திரிக்காரருக்கோ அதே மே மாதம்தான் வரவுக் காலம். கரும்பு போட்டவரிடம் வெட்டிய தேதியை விட்டுவிட்டு ஆலைப் பணம் வரும் தேதியைக் கேளுங்கள். நெய்வேலி சம்பளக்காரர் என்றால் மாதத்தின் முதல் வாரம்.

பெரிய தொகைக்குப் புரோநோட்டு, அதாவது கேட்கும்போது தருவதாக அவர் கையெழுத்துப் போடும் கடன் சீட்டு, எழுதி வாங்குங்கள். கொடுக்கும் அன்றே கேட்டால் அது வழக்கம்; ஆறு மாதம் கழித்துக் கேட்டால் சந்தேகம். ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்பின் மேல் கையெழுத்து ஏற வேண்டும். ஸ்டாம்ப் இல்லாத நோட்டு கோர்ட்டில் நிற்காது, பிறகு அபராதம் கட்டியும் சரிசெய்ய முடியாது. 20,000 ரூபாயோ அதற்கு மேலோ என்றால் ரொக்கம் வேண்டாம், வங்கி வழியாகவே அனுப்புங்கள். வருமான வரிச் சட்டத்தில் அது சிக்கல்.

நினைவூட்டுவது தவணைக்கு ஒரு வாரம் முன்பு, தனியாக இருக்கும்போது. பெண்டாட்டி பிள்ளைகள் எதிரில் கேட்டால் கடனை மறந்து அவமானத்தைத்தான் நினைவில் வைப்பார். "எப்ப மாமா தருவீங்க?" என்றால் ஒரு பொய்த் தேதி வரும். "இந்த மாசம் எவ்வளவு முடியும் மாமா?" என்று கேட்டுப் பாருங்கள், ஏதோ ஒரு தொகை வரும். 500 ஆனாலும் வாங்கி, நோட்டின் பின்பக்கம் அவர் கையெழுத்தோடு வரவு எழுதுங்கள். கேட்கும்போது தருவதாக எழுதிய நோட்டு 3 ஆண்டுதான் செல்லும். கெடு முடியுமுன் விழுந்த வரவிலிருந்து அந்த 3 ஆண்டு புதிதாக ஓடும்.

பாக்கி தீர்ந்த அன்றே நோட்டை அவர் கையில் கொடுத்துவிடுங்கள். பீரோவில் கிடந்தால் நாளைக்கு உங்கள் பிள்ளைகள் அதை எடுத்துக்கொண்டு அவர் வீட்டு வாசலில் போய் நிற்பார்கள்.